மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு மாணவர்களைவிடப் புனிதர்கள்மேல்தான் நம்பிக்கை அதிகம். இருபத்திரண்டு வருட அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த புனித கிறிஸ்தோபர் படத்தைப் பார்த்து முணுமுணுப்பார். பயணிகளின் பாதுகாவலர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர். நேரான சாலைக்கு அவரே போதும். திருப்பம் வந்தால் அந்தோணியாரும் சேர்ந்துகொள்வார். ரிவர்ஸ் என்றால் யூதா ததேயுதான். எல்லோரும் கைவிட்ட காரியங்களுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. தாங்கள் எவ்வளவு மோசமாக ஓட்டுகிறோம் என்பதை, கூப்பிடப்படும் புனிதரை வைத்தே மாணவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்க வந்த தையற்கடை அக்கா மூன்றாம் நாளே வண்டியை ஓரங்கட்டினார்.

"மாஸ்டர், நீங்க ஜெபம் பண்ணப் பண்ண எனக்குக் கால் உதறுது."

"இத்தனை வருஷத்துல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. யாராலன்னு நினைக்கிறீங்க?"

"அந்த பிரேக்குக்கும் கொஞ்சம் பங்கு குடுங்க."

அக்கா முதல் டெஸ்டிலேயே பாஸானார். மாஸ்டர் உடனே போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். அக்காவைப் பாராட்டத்தான் நேரமில்லை.

ஊரார் லைசென்ஸுக்கெல்லாம் தேதி பார்த்துச் சொன்னவரின் சொந்த லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். டெஸ்டுக்கு அவரை அக்காதான் ஸ்கூல் காரில் கூட்டிப்போனார்.

டெஸ்டில் மாஸ்டரின் கால், பழக்கதோஷத்தில், இல்லாத இடத்தில் பிரேக்கைத் தேடியது. ரிவர்ஸில் மூன்று கம்பங்கள் சாய்ந்தன. இன்ஸ்பெக்டர் ஃபெயில் என்று எழுதிவிட்டு இறங்கினார்.

திரும்பும் வழியில் மாஸ்டர் டேஷ்போர்டுப் படத்தைத் துடைத்தார். பிறகு, "கிறிஸ்தோபரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆத்தைத் தாண்டினவருக்கு ரிவர்ஸ் எடுக்கற வேலை எங்க வந்துது?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வாங்க. நான் சொல்லிக்குடுக்கறேன்."

ஆறு நாள் மாஸ்டர் ஓட்ட, பக்கத்து சீட்டில் அக்கா. கடைசி நாள் மாஸ்டர் தயங்கிக் கேட்டார்: "ஒருதடவைகூட பிரேக்கை மிதிக்கலையே. என்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"கால் எட்டல மாஸ்டர்."

இரண்டாவது டெஸ்டில் பாஸ். அடுத்த ஞாயிறு கோயில் செய்திமடலில் யூதா ததேயுவுக்கு நன்றி சொல்லி மாஸ்டர் கொடுத்த நாலு வரி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரே தையற்கடைக்குப் போய்க் காட்டினார்.

அக்கா இரண்டு முறை படித்தார். "இதுல என்னைக் காணோமே?"

"இதுல புனிதர்களைத்தான் போடுவாங்க. அதுக்கு முதல்ல செத்துப்போகணும்க்கா."

"அப்போ ஒண்ணும் அவசரமில்ல," என்று அக்கா மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.