மீசை வைத்த இயந்திர மனிதன்

நான் ஏழாம் வகுப்புக்குப் போகும்வரை தாம்பரம் வட்டாரத்துப் பள்ளிகளில் விஞ்ஞானம் என்றால் எரிமலைதான். களிமண்ணைக் குவித்து, உச்சியில் குழி தோண்டி, சமையல் சோடாவைப் போட்டு, சிவப்பு மை கலந்த எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வழியும். பத்துப் பள்ளிகள் கண்காட்சிக்கு வந்தால் ஏழு எரிமலைகள் வரும். மீதி மூன்றும் அணைக்கட்டு.

அந்த ஆண்டு பள்ளி திறந்த சூட்டோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. அறிவியல் சார் அதை இரண்டு முறை படித்தார். முதல் முறை அவருக்கே புரியவில்லை. பள்ளிகளுக்கிடையே புதிதாக ஒரு போட்டி. மாணவர்கள் ஒரு ரோபாட், அதாவது இயந்திர மனிதன், செய்ய வேண்டும். அது ஒரு தம்ளர் தண்ணீரைச் சுமந்துகொண்டு, யாரும் தொடாமல், ஆறடி மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். விளிம்பில் தானாகவே நின்றுவிட வேண்டும். தண்ணீரும் சிந்தக்கூடாது, மனிதனும் விழக்கூடாது.

"யார்றா செய்யறீங்க?" என்றார் சார்.

பெங்களூரில் என் மாமா ராக்கெட் செய்கிறார் என்று நான் ஐந்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். உண்மையில் ராக்கெட் செய்கிறவர்களுக்கு அவர் கேண்டீனில் உப்புமா செய்துகொண்டிருந்தார். வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. சார் என் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா அப்போதுதான் கோட்டையில் இருக்கும் ஆபீசிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் நின்றபடியே வந்து சேர்ந்திருந்தார். "எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்க முடியாதவனுக்காடா இவ்ளோ பெரிய போட்டி?" என்று கேட்டுவிட்டு, என்னைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்.

"டம்ளர் யாருக்கு வேணும்? அடிபம்புல அடிச்சு ரெண்டு கொடம் தூக்கிட்டு வருமான்னு உங்க சாரைக் கேளு," என்றாள் அம்மா.

முன்போர்ஷனில் இருந்த வீட்டுக்காரர் முடிச்சூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த பரம்பரை. "நாத்து நடுமா அது?" என்றார். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகு நாற்று எங்கே நடுவதாக உத்தேசம் என்று அவர் சொல்லவில்லை.

அக்கா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "விளிம்பு வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?"

"கண்ணால பாத்துக்கும். நான் பெருசா கண்ணு வரைஞ்சுடறேன்," என்றேன்.

அக்கா அலமாரியின் மேலிருந்த, இரண்டு வருடமாகப் பாடாத டேப் ரெக்கார்டரை இறக்கித் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அவள் அப்போதுதான் பத்தாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்திருந்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பி, தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. அப்பாவோ, பெண்பிள்ளை ஆண்பிள்ளைகளோடு வொர்க் ஷாப்பில் நிற்பதாவது, டைப்ரைட்டிங் லோயர் முடித்தால் போதாதா என்ற கட்சி. முடியாது என்று அவர் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் அப்பா 'பாக்கலாம்' என்று சொன்னவை டிவி, இரும்பு பீரோ, மகாபலிபுரம். எதையும் நாங்கள் அதுவரை பார்த்திருக்கவில்லை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள், போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், காலண்டருக்குப் பின்னால் ஒரு நல்ல தாள் இருக்கிறது, அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது என்பதுதான். அதில் என் இயந்திர மனிதனின் முகத்தை வரைந்து பார்த்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, ஆம்பளன்ற, மூஞ்சி கீது, மீசயக் காணமே," என்றார். முறுக்கு மீசை ஒன்று வரைந்து, தாளைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே செருகிவிட்டேன்.

பத்து நாள் அக்கா வேலை செய்தாள். டேப் ரெக்கார்டரின் மோட்டார், அதன் ரப்பர் பெல்ட், நான்கு பேட்டரிக் கட்டைகள், பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிய நான்கு சக்கரங்கள். முன்னால் ஒரு மூங்கில் குச்சி நீட்டிக்கொண்டு, நுனி மேசையைத் தடவியபடியே போகும். விளிம்பைத் தாண்டியதும் நுனி தொங்கும், மறுமுனை தூக்கிக்கொண்டு ஸ்விட்சை அணைத்துவிடும். நான் பிஸ்கட் டின் ஒன்றுக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டி, முகம் எழுதி, மீசை வைத்தேன். உழைப்பில் சரிபாதி என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் அக்கா சொன்னாள்: "யாராவது கேட்டா நீயே செஞ்சேன்னு சொல்லிக்கோ. ஆனா அப்பாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துடு."

"அப்பா எதுக்கு?"

"கூட்டிட்டு வாடா."

சனிக்கிழமை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹால். நான் நச்சரித்ததில் அப்பாவும் வந்து, அம்மா, அக்காவோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றறிக்கையை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தது. ஒன்று ஆளுயரத்துக்கு வந்திருந்தது, நகரவில்லை. ஒன்று நகர்ந்தது, நகர்ந்து நடுவரின் மடியில் விழுந்தது. ஒரு பள்ளி எரிமலையே கொண்டுவந்திருந்தது. சாவி கொடுக்கும் பொம்மை பஸ்ஸின் கூரையில் எரிமலை, அதன் உச்சியில் தம்ளர். எரிமலை கூடாது என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கவில்லைதான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். இயந்திர மனிதனை மேசையில் வைத்தேன். தம்ளரை வைத்தேன். ஸ்விட்சில் கை வைத்த நேரத்தில் பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "இருடா, இருடா."

அம்மா மஞ்சள் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். எங்கள் ஊரில் புது வண்டி எதுவாக இருந்தாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகர்த்துவதில்லை. வீட்டுக்காரரின் வேனுக்கு வைத்தோம், அப்பாவின் சைக்கிளுக்கு வைத்தோம். பெற்ற பிள்ளையின் பெயரில் நான்கு சக்கரத்தோடு ஒன்று புறப்படும்போது சும்மா விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, கற்பூரத்துக்குத் தீப்பெட்டியும் தேடினாள். யாரும் தடுக்கவில்லை. மூன்று நடுவர்களில் ஒருவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் 'ஊய்ங்' என்றது. வேனின் எடைக்கு நசுங்குகிற பழம், ரப்பர் செருப்புக்கு ஏன் நசுங்கப் போகிறது? சக்கரம் ஏறப் பார்த்தது, முடியவில்லை. மோட்டார் விடவில்லை. பட்டென்று பெல்ட் அறுந்தது. மீசை மட்டும் விறைப்பாக இருந்தது.

"எரிமலையே கொண்டாந்திருக்கலாம், மச்சான்," என்று யாரோ ஒரு பையன் தாராளமான குரலில் ஆறுதல் சொன்னான்.

செருப்பைக் கழற்றிய நடுவர் குனிந்து பார்த்தார். "தம்பி, மோட்டார்லேர்ந்து சக்கரத்துக்கு சுத்து எப்படிப் போவுது?"

"மூளையிலேர்ந்து, சார்."

அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

அக்கா பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். "ஒரு நிமிஷம் சார்," என்று சொல்லி, இரட்டைப் பின்னலில் ஒன்றின் நுனியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, பல்லில் கடித்துக்கொண்டு, அறுந்ததை எடுத்துவிட்டு, இதை இரண்டு சுற்றாக மாட்டினாள். எலுமிச்சம்பழங்களை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். நடுவர் கேட்கக் கேட்க, வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். அந்தக் குச்சி எதற்கு, ஏன் மூங்கில், கம்பியாக இருந்தால் என்ன ஆகும், வேகத்தைக் குறைக்க என்ன செய்தாள். ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரிந்த தலை.

இயந்திர மனிதன் புறப்பட்டான். கல்யாண வீட்டில் பாயசத் தூக்கோடு நடக்கிற மாதிரி நிதானமாக ஆறடியும் போனான். குச்சியின் நுனி விளிம்பைத் தாண்டித் தொங்கியது. நின்றுவிட்டான். தம்ளரில் தண்ணீர் ஒரு முறை ஆடி அடங்கியது.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர், "யாரு சார் அந்தப் பொண்ணு?" என்று கேட்டாராம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பொண்ணுதான். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போறா," என்றாராம். இதை அம்மா சொன்னாள், பல வருடம் கழித்து.

முடிவு அறிவித்தார்கள். பள்ளியில் இல்லாத ஒருவர் கை வைத்ததால் எங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். முதல் பரிசு எரிமலைக்கு. பஸ்ஸுக்குக் கொடுத்த சாவி சரியாக விளிம்புக்கு நான்கு விரற்கடை முன்னால் தீர்ந்துபோயிருந்தது.

திரும்பும் ரயிலில் நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். கெடுத்ததே அவள்தான். வந்து கை வைக்கச் சொன்னது யார்? அக்காவோ இன்னும் ஒற்றைப் பின்னலோடு எதிரே உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தோற்றதில் ஒருத்திக்கு இத்தனை சந்தோஷம் இருக்க முடியும் என்பது எனக்கு ஆறவே இல்லை. அம்மா மடியில் அந்த நான்கு எலுமிச்சம்பழங்கள். மறுநாள் அவை ஊறுகாயாயின.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா காபியைக் குடித்து முடித்தார். யாரையும் பார்க்காமல், "பேனா எங்கே?" என்றார். காலண்டருக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை உருவினார். உயர்த்திப் பிடித்து முன்பக்கத்தை மெதுவாகப் படித்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது பின்பக்கம்தான்: பெரிய கண், முறுக்கு மீசை, நான் வரைந்த முகம். அப்பா தாளைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் எவ்வளவோ கோப்புகளில் கையெழுத்திடுகிறவர், தோற்றுவந்த மகனின் படத்திலும் ஒன்று போட்டுத் தருகிறார். இதைவிட ஆறுதல் பரிசு யாருக்குக் கிடைக்கும்? எரிமலைக்காரனுக்குக் கிடைக்குமா?

திரும்பிப் பார்த்தால் சமையலறை வாசலில் அக்கா தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பொறாமை என்று நினைத்தேன். பரிசுபெற்றவனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா? பக்கத்தில் போய், "அழாதே, உனக்கும் ஒரு மூஞ்சி வரைஞ்சு, அப்பாகிட்ட கையெழுத்து வாங்கித் தரேன்," என்றேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து காலண்டருக்குப் பின்னால் பார்த்தேன். என் படத்தைக் காணோம். எடுத்துக்கொண்டு போனது அக்காதான் என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.