ஆறு மணிச் சோறு

மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. மூன்று மாதமாக வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிட்டுப் பிட்டு வைத்துவிடும். என் வீட்டில் நடந்ததையும் அப்படித்தான் வைத்தது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய், போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அந்த ஜீப்புகள் வந்து நிற்கும் தெருவில்தான் என் மளிகைக்கடை. நான் கடையைச் சாத்திவிட்டு வீடு சேர இரவு பத்து மணியாகிவிடும். அதுவரை அவர் சாப்பிட மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் வழக்கம். "நான் போகாம அவருக்கு ஒரு வாய் எறங்காது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் பீற்றிக்கொள்ளாத நாள் குறைவு. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவர் படுத்துவிடுவார். நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டுமே.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அடுப்படியை நான் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கினேன். அரிசி பாதியாயிற்று. கம்பு வந்தது, வரகு வந்தது, வாரத்தில் நான்கு நாள் பாகற்காய். மாத்திரையும் தவறவில்லை. மனுஷன் வாயைத் திறக்காமல் தின்றார். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. போடிமெட்டில் யாருக்கும் தெரியாமல் சீனி டீ குடிக்கிறார் என்று நானே முடிவு கட்டி, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவராகச் சொன்னார். "டீயெல்லாம் இல்ல. நேத்து ஒரு வளைவுல கண்ணு மங்கிருச்சு. ரெண்டு நிமிசந்தான். பின்னால பதினாலு பேரு உக்காந்திருந்தாக." பிறகு, "ஊசி போடுற அளவுக்குப் போச்சுன்னா சாவியக் கொடுத்துட்டு எறங்கிருவேன். அடுத்தவுக உசுரோட வெளயாட முடியாது" என்றார். இருபத்தைந்து வருஷமாக அந்த மலைப்பாதை ஒன்றுதான் அவருக்குத் தெரியும். என் கடையில் உட்கார்ந்து பருப்பு நிறுக்கிற அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் போனோம். நான் என் சமையல் பட்டியலைப் பரீட்சைக்குப் படித்தவள் மாதிரி ஒப்பித்தேன். டாக்டரம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "என்ன சாப்பிடுறார்னு சொல்லிட்டீங்க. எப்ப சாப்பிடுறார்?" என்றார்.

"பத்து மணிக்கு. ரெண்டு பேரும் சேந்துதான்." அங்கேயும் எனக்குப் பெருமைதான்.

"படுக்கிறது?"

"பத்தே காலுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கடையைச் சாத்தின பிறகு ஒரு லோடு சாமான் வந்து இறங்கினா யாரும்மா எடுத்து அடுக்குவாங்க?"

"காலையில வரைக்கும் வாசல்லயே கெடக்கும்."

"இவர் ரத்தத்திலயும் அதுதான் கிடக்குது. பொழுது சாய்ஞ்சா உடம்பும் கடையைச் சாத்த ஆரம்பிச்சிரும். அப்ப சோறு உள்ள போனா, பகல்ல மாதிரி சர்க்கரையை எடுத்து வைக்க அதால முடியாது. தூக்கமும் கெடும். தூக்கம் குறைஞ்சா மறுநாளும் சர்க்கரை ஏறும்." ஆறு, ஆறரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், தினமும் ஒரே நேரத்தில் படுக்க வேண்டும், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார்.

மறுநாளிலிருந்து அவர் ஆறரைக்குத் தனியாகப் போட்டுச் சாப்பிட்டார். ஆனால் தூங்கவில்லை. நான் வரும்வரை விழித்திருந்து, நான் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு உருண்டை பிசைந்து அவர் கையில் வைத்தேன். ஒரு வாயில் என்ன ஆகிவிடும்? அடுத்த வாரம் அது மூன்று உருண்டையானது. பாகற்காய்க்குக் காவல் இருந்த கைதான் அதையும் கொடுத்தது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை கொஞ்சம் ஏறியே இருந்தது. டாக்டரம்மாவுக்குக் கோபம். "ஆறரைக்குச் சாப்பிடுறீங்களா, இல்லையா?"

"சாப்புடுறேன். பெறகு ராத்திரி திரும்பவும் சாப்புட்டேன். வாயக் கட்ட முடியல டாக்டர். இன்னொரு மூணு மாசம் மட்டும் கொடுங்க" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு. நான் பக்கத்திலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சேர்ந்து சாப்பிடாமல் எங்கள் இருவராலும் இருக்க முடியாது. அப்படியென்றால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஜீப் வந்து சேர ஆறு மணி. அதுதான் விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் கடையைச் சாத்தக் கூடாது, லட்சுமி திரும்பிப் போய்விடுவாள் என்பது கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்குப் பாலோடு ஊட்டியது. அந்த நேரத்தில் சாப்பிடவும் கூடாது. இரண்டையும் ஒன்றாக மீற வேண்டியிருந்தது. ஐந்தே முக்காலுக்கே விளக்கை ஏற்றிவிட்டு, ஷட்டரைப் பாதி மட்டும் இறக்கினேன். பாதி இறக்கினால் சாத்தியது ஆகாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மத்தியானம் சமைத்துக் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தோம்.

நல்ல வியாபார நேரம். அவர் ஜீப்பில் வந்த பெண்களேதான் என் வாடிக்கை. ஷட்டருக்குக் கீழே வரிசையாகக் கால்கள் தெரிந்தன.

"மதினி, எனக்குப் பருப்ப மட்டும் போட்டுட்டுச் சாப்புடக் கூடாதா? பஸ்சு போயிரும்" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். நான் எழுந்தேவிட்டேன்.

அதற்குள் இன்னொருத்தி அவளை அதட்டினாள். "சும்மா இருடி. அண்ணே சாப்புடட்டும். அன்னைக்கு வளைவுல வண்டிய ஓரங்கட்டிக் கண்ணத் தொடச்சாருல்ல, பாத்தேல்ல? நம்ம உசுரு அவரு கையிலதான இருக்கு."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பதினாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் அதே ஜீப்பில் ஏறியிருக்கிறார்கள். நான் மறுபடி உட்கார்ந்தேன். அன்றைக்கு இருபது நிமிஷமும் யாரும் ஷட்டரைத் தட்டவில்லை. அதன் பிறகு அவர்கள் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே காத்திருப்பது பழக்கமாகிவிட்டது. நான் இரவு வீட்டுக்கு வரும்போது அவர் தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. தோட்டத்துக்கு லீவு நாள். மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்ற டாக்டரம்மா, "இந்தத் தடவை வாயைக் கட்டிட்டீங்க போல" என்று அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரு வாய் எப்பவுமே கட்டித்தான் டாக்டர் இருந்துச்சு. போன தடவ ராத்திரி ஊட்டுனது நானு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

வெளியே வந்து வண்டியை எடுத்தவர், "அத எதுக்கு அங்க போய்ச் சொன்ன?" என்றார்.

"நீங்க எதுக்கு எனக்காகத் திட்டு வாங்குனீக?"

"கொடுத்தது நீ. வாயத் தொறந்தது நாந்தான?"

கடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால். பூட்டைத் திறந்து ஷட்டரை மேலே தூக்கினேன். விளக்கை ஏற்றிவிட்டு மறுபடி பாதி இறக்கினேன்.