சாரதா கல்யாணக் கேசட்டும் ருக்குமணியின் தீர்ப்பும்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்தவள் ருக்குமணி அக்கா. அவள் "சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்தக் கேசட்டை நாய்கூட மோந்து பார்க்காது.

அக்கா என்னைப் போலவே கொழுந்து வெட்டும் பெண்தான். பத்திரிகையில் எழுதியதில்லை, யாரும் எழுதச் சொன்னதுமில்லை. ஆனால் படம் பார்ப்பது அவளுக்கு விளையாட்டு அல்ல. முன்வரிசையில் சம்மணம் போட்டு, வெற்றிலையைக்கூட மறந்துவிட்டு, பரீட்சைத் தாள் திருத்தும் வாத்தியார் மாதிரி முறைத்துக்கொண்டு பார்ப்பாள். பக்கத்தில் அவள் புருஷன் ஆண்டியப்பன் பெயர் போடும்போதே குறட்டை விட்டுவிடுவார். ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற மனிதர், பாவம்.

விஜயன் என்று ஒரு பையன் தானா ராத்தாவில் வீடியோ கடை வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம் வேனில் டிவியையும் டெக்கையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கம்போங் ராஜா வரைக்கும் போவான். அவன் கொண்டுவரும் ஒவ்வொரு கேசட்டின் தொடக்கத்திலும் அடுத்து வரப்போகும் படங்களிலிருந்து துண்டு துண்டாகக் காட்டுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில்தான் பிள்ளைக்குப் பால் கலக்குவார்கள். அக்கா அதைத்தான் கண் கொட்டாமல் பார்ப்பாள். அடுத்த மாதம் எந்தக் கேசட்டை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அப்போதே சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது தப்பியதில்லை.

முழு விமர்சனம் திங்கட்கிழமை காலை, தேயிலை நிரையில். இடது பக்கம் ருக்குமணி அக்கா நிரை, வலது பக்கம் செல்லம்மா அக்கா நிரை, நடுவில் நான். கத்தரிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் அக்கா கத்திக் கத்திச் சொல்வாள். மலைச்சரிவு முழுக்கக் கேட்கும்.

"அம்மாக்காரி சாகுறதுக்கு முன்னால அரைமணி நேரம் பேசுது லா! மூச்சு வாங்குற பொம்பள இவ்வளவு பேசுமா? ஆஸ்பத்திரியில ஒரு நர்சுகூடவா இல்ல, வாய மூடுன்னு சொல்றதுக்கு?"

இன்னொரு வாரம், "பணக்கார வீட்டுப் பொண்ணு மாடிப்படி எறங்குறப்பல்லாம் ஒரு பாட்டு. அந்த வூட்டுல லிஃப்ட் வச்சிருந்தா படம் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்!"

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கொழுந்தோடு முத்தல் இலையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். கங்காணி பழனியப்பன் திட்டுவார். திட்டிவிட்டு, "அப்ப அந்தப் படம் எடுக்கலாமா வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டு போவார்.

அவளிடம் ஒரு குணம். யார் மனசுக்காகவும் பொய் சொல்லமாட்டாள். கோயில் திருவிழாவுக்குக் கங்காணியே தேர்ந்தெடுத்துப் போட்ட படத்தை, அவர் முகத்துக்கு நேராகவே, "சாமிக்கே தூக்கம் வந்துடுச்சி" என்றவள். அதனால்தான் அவள் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. அதனாலேயே எண்பத்து நாலாம் வருஷம் வம்பும் வந்தது.

அந்த வருஷம் செல்லம்மா அக்காவின் மகள் சாரதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அமிர்தலிங்கம் கோலா தெர்லாக்காரன். சொந்தத்தில் முட்டைக்கோஸ் தோட்டம், லோரி எல்லாம் வைத்திருந்த குடும்பம். செல்லம்மா அக்காவின் வீட்டுக்காரர் ராமசாமி அண்ணன் காய்ச்சலில் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஒற்றை ஆளாக வெயிலிலும் மழையிலும் நின்று மகளை வளர்த்தவள். "ஆம்பள இல்லாத வீடு, கல்யாணத்த எப்படி நடத்தப்போவுது" என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் நடத்திக் காட்டினாள். அதோடு, எங்கள் தோட்டத்திலேயே முதல்முறையாக வீடியோவும் எடுக்க ஏற்பாடு செய்தாள். கேமராவோடு விஜயன் வந்தான். லைட் பிடிக்க ஆள் கிடைக்காமல் ஆண்டியப்பனைப் பிடித்துக்கொண்டான்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் தோட்டத்து மண்டபக் கதவில் சிவப்பு மையில் ஒரு போஸ்டர். "விரைவில்! சாரதா – அமிர்தலிங்கம் திருமண வைபவம். காணத் தவறாதீர்கள்!" கல்யாணத்துக்கு வராதவர் என்று தோட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை. ஆனாலும் புதுப்படம் வரப்போகிற மாதிரி எல்லாரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

செல்லம்மா அக்காவுக்குத்தான் ருக்குமணி அக்கா என்ன சொல்லப்போகிறாளோ என்று கவலை. நிரையில் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ருக்கு, ஊர்ப் படத்தையெல்லாம் நீ எப்படி வேணும்னாலும் கிழி. இது எம் மவ கல்யாணம். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுடி. நீ சொன்னாத்தான் நாலு பேரு வாய் மூடும்."

"பாக்காம எப்படிடி சொல்றது?"

"பாத்துட்டே சொல்லு. ஆனா நல்லாருக்குன்னு சொல்லு."

ருக்குமணி அக்கா மறுபடியும் கத்தரியை ஓட்டினாள். எனக்கு அப்போதே பயம். இருவரும் பாவாடை கட்டிய வயதிலிருந்து சிநேகிதிகள். ராமசாமி அண்ணன் போன சமயத்தில் ருக்குமணி அக்கா தன் பாயை எடுத்துக்கொண்டு போய்ச் செல்லம்மா வீட்டிலேயே மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தவள். ஒரு கேசட்டால் அது கெட்டுவிடக் கூடாதே என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்து வழிந்தது. ஒரு ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து சாரதா முகம் வந்தது. பிறகு வாழைத்தாரிலிருந்து அமிர்தலிங்கம் முகம் வந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. தோட்டத்துத் துரை கொஞ்ச நேரம் வந்து மாலை வாங்கிப் போனதைத் தாலி கட்டுவதைவிட நீளமாகக் காட்டினான் விஜயன். துரையின் நாய் தனியாக ஒரு சீன் வாங்கிக்கொண்டது. கங்காணி ரசத்தை உறிஞ்சுவது டிவி முழுக்கத் தெரிந்தபோது விசில் பறந்தது. நடுவில் ஆண்டியப்பன் பந்தி எந்த மட்டில் இருக்கிறது என்று லைட்டோடு திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருட்டில் அட்சதை வாங்கிக்கொண்டார்கள். நான் என் முகம் வருகிற இடத்தில் வெட்கத்தில் குனிந்தேன், குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன்.

படம் முடிந்ததும் மண்டபமே ருக்குமணி அக்கா பக்கம் திரும்பியது. செல்லம்மா அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"படம் சரியில்ல" என்றாள் ருக்குமணி அக்கா. ஏன் என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள்.

"ஏன், லைட்டாலயா?" என்று ஆண்டியப்பன் பின்னாலேயே ஓடினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாடிப்படிக்கும் நர்சுக்கும் பக்கம் பக்கமாகக் காரணம் சொல்கிறவள், சிநேகிதி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு காரணம் சொல்லக் கூடாதா? செல்லம்மா அக்கா அன்றைக்கு அழவில்லை. கேசட்டை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு ருக்குமணி அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நடுநிரையில் மாட்டிக்கொண்டது நான்.

"ஜெயா, கங்காணி வர்றாருன்னு அவகிட்ட சொல்லு. பேச்ச நிறுத்தச் சொல்லு" என்பாள் செல்லம்மா அக்கா.

"நான் பேசவே இல்லன்னு சொல்லு" என்பாள் ருக்குமணி அக்கா.

"பேசாதவ எதுக்கு மொணங்குறான்னு கேளு."

நான் கொழுந்து வெட்டினேனா தபால் பட்டுவாடா செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இதற்கிடையில் விஜயனும் நிரைக்கே வந்துவிட்டான். பக்கத்துத் தோட்டங்களில் கல்யாண வீடியோவுக்கு அவனைக் கூப்பிடத் தயங்குகிறார்களாம். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா" என்று அழாத குறையாக நின்றான். ருக்குமணி அக்கா, "போ தம்பி, நேரம் வரும்" என்று மட்டும் சொன்னாள். கிழங்கு மாதிரி கனத்துக் கிடந்தது அவள் முகம்.

ஒருநாள் காலை, பனி இன்னும் விலகவில்லை. செல்லம்மா அக்கா கத்தரியைக் கீழே போட்டாள். என்னை விட்டுவிட்டு நேராக அவளையே கேட்டாள்.

"ஏண்டி, என்னா குறைன்னாவது சொல்லித் தொலை! சோறு பத்தலியா? எம் மவ அழகா இல்லியா?"

ருக்குமணி அக்காவும் கத்தரியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ எங்கடி?"

"என்னது?"

"அவ்வளவு நீளப் படத்துல நீ எங்கடி இருக்க? துரை இருக்காரு, துரை வூட்டு நாயி இருக்கு. பெத்தவ எங்க? நான் ஒன்னத்தான் தேடித் தேடிப் பாத்தேன். லைட்டு திரும்புற எடத்துலல்லாம் ஒரு பச்ச முந்தானை கதவுக்குப் பின்னால ஓடுது. அது மட்டுந்தான் தெரியுது. இத அத்தன பேருக்கு முன்னால வச்சி நான் சொன்னா நீ தாங்குவியா? நல்லாருக்குன்னு பொய் சொல்லவும் எனக்கு வாய் வரல."

செல்லம்மா அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் எப்படி முன்னால வந்து நிக்கிறது ருக்கு? தாலி இல்லாதவ. புள்ளைக்கு நாளைக்கு ஒன்னு ஆச்சின்னா?"

தாலி கட்டும் இடத்தில் இவள் நிற்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை. அவளுடைய அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்தார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இந்தச் சட்டத்தைப் போட்டவன் என் கையில் கிடைத்தால் கத்தரியோடுதான் போவேன்.

"தாலி கட்டுறப்ப நிக்கல, சரி, விடு" என்றாள் ருக்குமணி அக்கா. "சோறு போடுறப்பவுமா? புள்ள லோரி ஏறுறப்பவுமாடி கதவுக்குப் பின்னால நிப்ப? நாளைக்கு அது வயித்துல ஒரு புள்ள பொறந்து, எங்க பாட்டி எங்கன்னு கேட்டா அந்தக் கேசட்டுல எதக் காட்டும்?"

செல்லம்மா அக்கா அங்கேயே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ருக்குமணி அக்கா என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் சும்மா இருக்க முடியாமல் அழுதேன். கங்காணி ஓடிவந்து, "என்னா, மூனு பேரும் அழுவுறீங்க?" என்று பதறினார்.

"படம் அப்படிங்க" என்றேன் நான்.

அந்த வாரமே ருக்குமணி அக்கா விஜயனுக்குச் சொல்லி அனுப்பினாள். தலைத் தீபாவளிக்குச் சாரதாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள், வந்து இரண்டாம் பாகத்தை எடு என்று. விஜயனுக்கு உயிர் வந்தது. மண்டபக் கதவில் மறுபடியும், "விரைவில்! பாகம் இரண்டு."

தீபாவளி அன்று விடியும்போது செல்லம்மா அக்கா வீட்டு வாசலில் பலகை போட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். கேமரன் மலைக் குளிரில் அமிர்தலிங்கத்துக்குப் பல் தந்தியடித்தது. ஆண்டியப்பன் லைட்டைத் தூக்கிப் பிடித்தார். எதிரே மனைவி நின்று முறைத்ததால் இந்தத் தடவை அசையவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைச் செல்லம்மா அக்கா வழக்கம்போல அண்ணி கையில் கொடுக்கப் பார்த்தாள்.

"அம்மா வைக்காட்டி நான் குளிக்கப் போறதில்ல" என்றாள் சாரதா. சொல்லிவிட்டு அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தை, சீக்கிரம் வைங்க. வெறச்சிப் போறேன் லா" என்று மாப்பிள்ளை தலையை நீட்டினான்.

செல்லம்மா அக்கா மகளுக்கு எண்ணெய் வைத்தாள். அவசரமாகத் திரும்பியதில் மாப்பிள்ளை தலையில் கிண்ணமே கவிழ்ந்துவிட்டது. கண், மூக்கு, மீசையெல்லாம் எண்ணெய் வழிய அவன் "ஐயோ அத்தை!" என்று அலற, செல்லம்மா அக்கா முதலில் திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வாசல் அதிரச் சிரித்தாள். விஜயன் அதை விடாமல் எடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் அந்த இடம் வந்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்லம்மா அக்கா மட்டும் எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள்.

"ருக்கு, இது நானா?"

"பின்ன யாரு, நானா?"

"அவரு போனதுக்கு அப்புறம் எனக்குச் சிரிப்பே போயிடுச்சின்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள் செல்லம்மா அக்கா. கண்ணில் நீர் கட்டிவிட்டது. "ஏண்டி, எந்த ஊரு பொம்பளையோ சிரிக்கிறத, அழுவுறதப் பத்தியெல்லாம் வாரா வாரம் கத்திக்கிட்டுக் கெடந்தியே. நான் சிரிச்சா நல்லாருக்குன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

ருக்குமணி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நல்லாருக்குடி" என்றாள். "ரொம்ப நல்லாருக்கு."

செல்லம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். "தம்பி விஜயா, அந்த எடத்த இன்னொருக்காப் போடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.