நெறஞ்சி கீது

தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்று அச்சாகியிருக்கிறது. ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. பின்பக்கத்தில் நைனாவின், அதாவது என் தகப்பனாரின், பென்சில் எழுத்து: ‘ஆபீசர் வந்து போனார். நான் ஊரில் இல்லை.’ நான் அப்போது நான்காம் வகுப்பு. மானாம்பதிப் பக்கம் தொகுப்பு வீடு கொடுக்க ஆள் தேர்ந்தெடுத்த வருஷம். எழுபதுகளின் கடைசி என்று ஒரு கணக்கும் எண்பதுகளின் தொடக்கம் என்று இன்னொரு கணக்கும் எனக்கு வருகின்றன. வருஷத்தில்தான் சந்தேகம், கிழமையில் இல்லை. அது வேறு கிழமையாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

பாகம் பிரித்தபோது வீடு பெரியப்பாவுக்கும் ஏரிக்குக் கீழே இருந்த துண்டு நிலம் நைனாவுக்கும் வந்தன. நிலம் இரண்டு பஞ்சத்தில் கைவிட்டுப் போயிற்று. அதன்பிறகு பெரியப்பாவின் கொல்லையில் பனையோலை வேய்ந்த ஒரு குடிசையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். தையில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். கொல்லையில் சமையல் பந்தல் போட வேண்டும், அதற்குள் இடத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லியாயிற்று. விட்டால் போக இடம் மெட்ராஸ்தான். கொத்து வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் நைனாவிடம் பேசி வைத்திருந்தார். கட்டுகிற கட்டடத்திலேயே படுத்துக்கொள்ளலாமாம். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான், வீடும் நிலமும் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் வரிசையாகக் கல்வீடு கட்டித் தரப்போகிறது, திங்கட்கிழமை ஆபீசர் வந்து விசாரிப்பார் என்று தமுக்கு அடித்தார்கள். நைனா வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். தான் இல்லாதபோது ஆபீசர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார். கவிழ்த்த உரலின்மேல் ஆபீசர் மாதிரி உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

“சொந்த வூடு கீதா?”

“இல்லீங்க.”

“நெலம்?”

“இல்லீங்க.”

“மாடு, கன்னு? வண்டி?”

“மாடே இல்லன்றேன். வண்டிய நானா இஸ்துக்கினு போவேன்?” என்று அம்மா சிரித்தாள்.

“சிரிக்காத. எத கேட்டாலும் இல்லன்னு சொல்லு. அவ்ளோதான் வேல.”

ஆபீசர் திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. வேறு ஊரில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதோ என்னவோ, வெள்ளிக்கிழமையே சைக்கிளில் வந்து இறங்கினார். தலையாரி முன்னால் நடந்து வந்தார். அம்மா அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டு, குங்குமம் இட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு ‘இல்லை’ என்று வாயால் சொல்ல மாட்டார்கள், நிறைந்திருக்கிறது என்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அரிசிப் பானை காலியாகக் கிடந்தால் அம்மா “அரிசி நெறஞ்சி கீது” என்பாள். நைனா பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். உப்புக்கும் எண்ணெய்க்கும் அப்படித்தான்.

“சொந்த வீடு இருக்காம்மா?” என்று ஆபீசர் கேட்டார்.

அம்மா விளக்கைப் பார்த்தாள். நான் மனத்துக்குள் ‘இல்லீங்க, இல்லீங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நெறஞ்சி கீதுங்க” என்றாள் அம்மா.

“நிலம்?”

“நெறஞ்சி கீதுங்க.”

“மாடு?”

“அதுவுந்தாங்க.”

தலையாரிக்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா நீ, சாரு கேக்கறது புரியுதா?”

“புரியுதுண்ணா. வெளக்கு எரியுது பாருண்ணா.”

ஆபீசர் விளக்கைப் பார்த்தார், மேலே ஓலையைப் பார்த்தார், என்னவோ எழுதினார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “நெறஞ்சி கீதாமே! அப்பறம் இன்னாத்துக்குடி எங்க கொல்லையில குந்திக்கினு கீற? உன் மாளிகைக்குப் போறதுதானே?”

நான் என் புத்தகப் பையை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். மெட்ராசுக்குக் கிளம்பும்போது மறந்துவிடக் கூடாது என்று.

சனிக்கிழமை வந்த நைனா, கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “அரிசிக்கு சொல்ற வார்த்தைய வூட்டுக்கு சொல்லி கீறியே!”

“வெள்ளிக்கெயம வெளக்கு முன்னால நின்னுக்கினு வூடு இல்லன்னு எப்டி சொல்லுவேன்? இருக்கற கூரையும் பூடாதா?”

“அந்தக் கூரைய எங்கண்ணன் தையில பிரிக்கப் போறாரு. அதுக்கு இன்னா சொல்ற?”

திங்கட்கிழமை காலையில் அம்மா குளித்துவிட்டு, பெட்டியிலிருந்த ஒரே நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள்.

“இத்தக் கட்டிக்கினு போனா எவன் வூடு குடுப்பான்?” என்றார் நைனா.

“இல்லன்னு சொல்லப் போறேன். அதுக்குக் கந்தலயும் கட்டிக்கினு போவணுமா?”

மூன்று பேரும் பஸ் ஏறி உத்திரமேரூர் யூனியன் ஆபீசுக்குப் போனோம். தாழ்வாரமெல்லாம் ஆட்கள். கிணற்றுக் கடன் விஷயமாக வந்திருந்த பெரியம்மாவின் தம்பியும் அங்கே நின்றிருந்தார். அவரைக் கண்டதும் அம்மாவின் நடை ஒரு கணம் நின்றது. பிறகு நேராக ஆபீசர் மேஜைக்கு முன்னால் போய், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, மூச்சு விடாமல் சொன்னாள்:

“வூடு இல்லீங்க. நெலம் இல்லீங்க. மாடு இல்லீங்க, கன்னு இல்லீங்க.”

அவள் நிறுத்தியதும் நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். “யம்மா, வண்டி!”

தாழ்வாரமே சிரித்தது. பெரியம்மாவின் தம்பி கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

“வண்டியும் இல்லீங்க” என்றாள் அம்மா.

ஆபீசர் சிரிக்கவில்லை. “நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? அதெல்லாம் எழுதியாச்சு. போயிட்டு வாங்க.”

என்ன எழுதியாயிற்று என்று நைனா கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்மா குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள். துப்பிவிட்டு மறுபடி கொப்பளித்தாள். பஸ்ஸில் வந்த புழுதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் நின்று கொப்பளித்தேன். எல்லோரும் மறந்ததை நான் ஒருத்தி ஞாபகப்படுத்திவிட்டேன் என்ற பெருமையில் இருந்தேன். அம்மா ஏன் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மார்கழியில், ஊர்ச் சாவடியில் வாசித்த பெயர்களில் நைனாவின் பெயரும் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு, பந்தலைத் தெருவில் போட்டுக்கொள்வதாகப் பெரியப்பா சொன்னார். அடுத்த ஆவணியில் கல்வீட்டுக்குக் குடிபோனோம். நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை.

அந்த ஆபீசர் அன்று எழுதியதைப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷங்கள் கழித்து முயன்றேன். அந்தக் காலத்துக் காகிதங்கள் எதுவும் இப்போது இல்லை என்றார்கள். அவர் எந்த ஊர்க்காரர், பிறகு எங்கே மாற்றலாகிப் போனார் என்பதும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையே விளக்கைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று அவரே எழுதிக்கொண்டாரா, திங்கட்கிழமை அம்மா சொன்ன பிறகு திருத்தினாரா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. முதலாவதுதான் உண்மை என்றால், அத்தனை பேர் நடுவில் அம்மா அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அம்மா இருந்தவரை இதை அவளிடம் நான் கேட்கவில்லை.