ஒரு போத்தல் ஸ்டவுட்டுக்கு ஒரு விசாரணை

அம்மாவின் குசினியில் பியர் காய்ச்சுவதுதான் என் திட்டம். அதற்குமுன் எல்லா வகையையும் ருசித்துவிடத் துடித்தேன். கோதுமை பியர் முடிந்தது. அடுத்து, இலங்கையின் கறுப்பு பியரான ஸ்டவுட். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தெரிந்தவரின் கடையில் ஒரு போத்தல் எடுத்தேன்.

"தங்கச்சி, இது ஆருக்கு? கொண்ணைக்கோ?"

"என்ரை அண்ணாவுக்கில்லை, எனக்குத்தான்."

முகம் சுளித்தார். எனக்கு முன்னால் பியர்ப் பெட்டியோடு போன ஆண்களிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை!

புறநகர் பொண்டியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால், அம்மா போனில் அந்தக் கடைக்காரரோடுதான் பேசிக்கொண்டிருந்தார். என் திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"ஓம் தம்பி, நான்தான் வாங்கச் சொன்னனான். வீட்டிலை விருந்தாளியள்."

வீட்டில் விருந்தாளி யாருமில்லை. போனை வைத்துவிட்டு, "உன்ரை பியர் காய்ச்சப் பெரிய பானை மேல்தட்டிலை இருக்கு, எடு" என்றார்.

அம்மாவைக் கட்டிக்கொண்டேன். ஆனால், வேலைக்குப் போகும் மகளுக்காக அவர் பொய் சொல்ல வேண்டிவந்ததே, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.