கிணற்று மேட்டில் வைத்த போசி

எங்கள் கடலைக் காட்டில் குவாரி போடலாம் என்று மச்சான் சொன்ன அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளில் எங்கே பார்த்தாலும் ரோட்டு வேலை. எல்லோருக்கும் ஜல்லி வேண்டியிருந்தது.

"சும்மா கெடக்கற பாறைங்க மாப்பிள்ளை. ஒடைச்சாச் சோறு" என்றார் மச்சான்.

சும்மாவா கிடந்தது? அந்தப் பாறைதான் பூமிக்குள் இறங்கிப் போய் எங்கள் கிணற்றுக்குள் சுவராக நின்றது. அந்தக் கிணறு வெட்ட ஆள் போதவில்லை என்றுதான் ஆறாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். மண் சுமந்தவன் நான். கடைசியாக வைத்த வெடியில் பாறை பிளந்து, கிழக்குச் சுவரில் விரல் நுழையாத ஒரு வெடிப்பில் ஊற்று வந்தது. வெடியில் வந்தது வெடியில் போகாதா? சுற்றியிருந்த கிணறெல்லாம் கோடையில் வற்றும். எங்களது மட்டும் வற்றாது. வீட்டுக்கும் மாட்டுக்கும் வேறு தண்ணீர் கிடையாது.

இந்தக் கவலையைச் சொன்னால் மச்சான் சிரிப்பார். "எப்பப் பாரு வெசனம். வெடி வெச்சுத்தானுங்க கெணறே வெட்டினீங்க?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடமாகக் கடலை சரியாக விளையவில்லை. அதனால், செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றேன். அங்கே ஆரம்பித்தது என் பாடு.

கிணற்றுப் பக்கம் எதுவரை உடைக்கலாம் என்று பாறைமேல் கோடு போட்டேன். சுண்ணாம்பு தீர்ந்து, மனைவியின் கோலமாவை எடுத்தேன். காலையில் பார்த்தால் எறும்பு பாதிக் கோட்டைத் தூக்கிப் போயிருந்தது. "வாசலுக்கு இல்லாத கோலம் பாறைக்கு எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள். மழையில் கரைந்து வரும் கல்தூள் கிணற்றுக்குப் போகாமல் தேங்கி நிற்க ஒரு குழி வெட்டினேன். வெட்டி முடித்த மறுநாளே எருமை அதில் படுத்துக்கொண்டது.

தூசிக்குத் தட்டி கட்டியதுதான் பெரிய கூத்து. பக்கத்தில் கள்ளிறக்கும் தென்னந்தோப்பு. தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏனுங்க, தூசி உளுந்த கள்ள ஆருங்க குடிப்பாங்க? நீங்க குடிப்பீங்களா?" என்று தினமும் கேட்டார். சரி என்று தென்னங்கீற்றில் ஆள் உயரத்துக்குத் தட்டி பின்னிக் கட்டினேன். எங்கள் ஊர்க் காற்று கணவாய் வழியாக வருகிற காற்று. ஆடியில் மேற்கிலிருந்து தள்ளும், மார்கழியில் கிழக்கிலிருந்து தள்ளும். எந்தப் பக்கம் கட்டினாலும் தட்டி போய் விழுந்தது அவர் தோப்பில்தான். ஒவ்வொரு முறையும் நான் போய் எடுத்து வருவேன். ஒவ்வொரு முறையும் அவர் அதையே கேட்பார்.

கடைசியில், ஒரு வெடி வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை என்று பிடிவாதமாக நின்றேன். கிணற்று மேட்டில் ஒரு பித்தளைப் போசி நிறையத் தண்ணீர் வைப்பது. விளிம்பு வரை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாவிட்டால் அதிர்ச்சி கிணறு வரை வரவில்லை என்று அர்த்தம். மச்சானும் ஒத்துக்கொண்டார். லைசன்ஸ் உள்ள வெடிக்காரர் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார்.

வெடி என்றால் கல் பறக்குமே! யார் தலையிலாவது விழுந்தால்? எல்லோரையும் புளியமரத்துக்குப் பின்னால் குப்புறப் படுக்க வைத்தேன். தலையை யாரும் தூக்கக் கூடாது, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று சத்தம் போட்டேன். நானும் படுத்தேன்.

வெடித்தது. எழுந்து ஓடினோம். போசி கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த எங்கள் ஆடு நின்று வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"ஆடு தட்டியுட்டிருச்சு" என்றார் மச்சான்.

"வெடிதானுங்க" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த தோப்புக்காரர்.

"யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க பாக்கறது? நீங்கதான மண்ணைப் பாத்துப் படுக்கச் சொன்னீங்க?" என்றாள் மனைவி.

எனக்கு வந்த எரிச்சலில் ஆட்டை அடிப்பதா, என்னையே அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வெடிக்காரரிடம் இன்னொரு வெடிக்கு மருந்து இருந்தது. "வேகம் ஆகட்டே, எனிக்கு பஸ் போகும்" என்று அவசரப்படுத்தினார். மறுபடி போசி வைத்து, மறுபடி ஆடு வந்து... முடியாது. நானே பார்த்துவிடுகிறேன் என்று கிணற்றுப் படியில் இறங்கினேன்.

"பைத்தியமுங்களா உங்களுக்கு? மேல வாங்க!" மனைவி மேட்டில் நின்று கத்தினாள். மச்சான், "மாப்பிள்ளை ஏறாம வெடி வெக்கக் கூடாது" என்று வெடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறவில்லை. "வெச்சாத்தான் ஏறுவேன்" என்றேன். கடைசியில் மச்சான் கையை விட்டுவிட்டார். இடி இடித்தால் மாட்டுக் கட்டுத்தறிக்குள் ஒதுங்குகிறவன் நான். அன்று எங்கிருந்து வந்தது அந்த வீம்பு என்று இன்றும் தெரியாது.

கடைசிப் படியில் நின்று ஊற்று வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி போல ஒழுகிக்கொண்டிருந்தது. காதில் சத்தம் விழுவதற்கு முன்பே காலில் தெரிந்தது. படிக்கல் உள்ளங்காலில் ஒரு குத்துக் குத்தியது. தண்ணீரின் மேல்பரப்பு முழுக்கச் சிலிர்த்தது. சுவரிலிருந்து பொடிமண் உதிர்ந்தது. ஊற்று நிற்கவில்லை. ஆனால் செந்நிறமாக வந்தது.

மேலே வந்ததும் மச்சான் கேட்டார். "ஊத்து ஓடுதுங்களா?"

"ஓடுது."

"அப்பறம் என்னங்க?"

"கால்ல தெரிஞ்சுதுங்க மச்சான். இங்க வெடி வேண்டாம்."

"கால்ல தெரிஞ்சுதாமா!" என்று துண்டை உதறிப் போட்டார். வெடி இல்லாமல் கேட்ட நாளுக்குள் ஜல்லி கொடுக்க முடியாது, ரோட்டு வேலை கை விட்டுப் போகும், அது எனக்கும் தெரியும். அன்றிரவு அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து.

காலையில் மனைவி இறைத்த தண்ணீரில் கஞ்சிக்கு உலை வைக்கவில்லை. அந்தப் போசியிலேயே மொண்டு அண்ணன் முன்னால் வைத்தாள். அடியில் மண் படிந்திருந்தது. மச்சான் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வாசலில் ஊற்றினார்.

"வெடி இல்லாம ஆப்படிச்சுக் கல்லு ஒடைக்கற ஆளுக கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கறாங்களாமா. போய்ப் பாக்கறேன்" என்றார் என் முகத்தைப் பார்க்காமலே. "அதுக்கும் ஏதாச்சும் வெசனம் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

இருந்தது. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தட்டியை எடுக்கத் தோப்புக்குப் போனேன்.