உதறும் ஸ்டீரிங்கும் சங்கையாவின் வெறுங்காலும்

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தது. போனில் பால்பாண்டி, எங்கள் வீட்டு டிரைவர். "சங்கையா அண்ணாச்சி தவறிட்டாக. மத்தியானம் சாப்புட்டுப் படுத்தவுக எந்திரிக்கல. செருப்பு பட்டறை வாசல்லயே கெடக்கு" என்றார்.

செருப்பைப் பற்றி ஏன் சொன்னார் என்று வெளியாட்களுக்குப் புரியாது. ராஜபாளையத்தில் சங்கையாவின் கார் பட்டறை வாசலில் செருப்பு கிடந்தால், ஆள் பட்டறையில் இல்லை என்று பொருள். யாருடைய காரிலோ வெறுங்காலோடு ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருப்பார். தேடி வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். எப்படியும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்.

ஸ்டீரிங் உதறுகிறது என்று எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார். செருப்பைக் கழற்றுவார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு, இரண்டு பாதங்களையும் தகரத்தில் அழுத்தமாக ஊன்றுவார். உள்ளங்கையை சீட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தேவதானத்திலிருந்து வந்த ஒருவர், "மெக்கானிக்கு தூங்கிக்கிட்டே வாரான்யா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவருடைய வண்டியும் சரியாகித்தான் போயிற்று.

"ஓட்டுறவன் கை பொய் சொல்லும். அது பழகிப்போன கை. என் பாதத்துக்கு வண்டி புதுசு" என்பார் சங்கையா. பாதம் சொல்வதை அவர் இப்படிப் பிரித்து வைத்திருந்தார்: "ஸ்டீரிங் ஆடுனா முன் சக்கரம். சீட்டு ஆடுனா பின் சக்கரம். பிரேக்கு பிடிக்கையில மட்டும் ஆடுனா டிரம்மு. நின்னுக்கிட்டு ஆடுனா இஞ்சின். நீங்க பேசிக்கிட்டே வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூடிக்கிட்டு வாங்க."

ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்தான். சாலை நேராக இருப்பதால் என்று அவர் சொல்லுவார். அங்கே பால்கோவா கிடைப்பதால் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். வெறுங்காலோடு கடைத்தெருவில் இறங்கி, இலையில் நூறு கிராம் வாங்கி, காரின் பானட்டில் வைத்து நின்றபடியே தின்பார். கடைசி விள்ளல் வாயில் கரையும்வரை நோய் இன்னதென்று சொல்லமாட்டார். டிரைவர்கள் தவித்துக்கொண்டு நிற்பார்கள். "இருலே. இனிப்பும் கசப்பும் ஒண்ணா வேண்டாம்."

எங்கள் சாம்பல் நிற பியட் அவரிடம் போனது 1987 ஐப்பசியில். கல்லூரி விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். என் அப்பா அழகியமணவாளன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல்; வீடும் அதே ஊரில்தான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரைப் பற்றிச் சந்தேகப்படத் தெரியும். ஒரு வாரமாக வண்டி அறுபதைத் தொட்டால் ஸ்டீரிங் உதறியது. பால்பாண்டி எங்கேயோ பள்ளத்தில் இறக்கியிருக்கிறான், தன்னைக் கோர்ட்டில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை சவாரி அடிக்கிறான் என்பது அப்பாவின் கட்சி. உண்மையைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அவரும் ராஜபாளையம் புறப்பட்டார். பின்சீட்டில் அவர் பக்கத்தில் நான்.

சங்கையா ஏறினார், விரிப்பைச் சுருட்டினார், கண்ணை மூடினார். பால்பாண்டி ஓட்டினார். ஐம்பத்தைந்தில் ஸ்டீரிங் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அறுபதில் பால்பாண்டியின் முழங்கை வரை ஆடியது.

"விடாத. இன்னுங் கொஞ்சம் போ." எண்பதுக்குப் பக்கத்தில் நடுக்கம் தானாக அடங்கியது. "இப்ப விடு. மறுபடி அறுபதுக்கு வா. செத்த நேரம் பிரேக்க அமுக்கு." பிரேக்கால் நடுக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சங்கையா கண்ணைத் திறந்து, அன்றைக்குப் பால்கோவா வரை கூடப் போகாமல், "வண்டியத் திருப்புலே" என்றார்.

பட்டறைக்கு எதிரே, அப்பாவிடம் வழக்குக் கொடுத்திருந்த ஒருவரின் கடை இருந்தது. அப்பா அங்கே பேசப் போனார். சங்கையா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். எங்கள் வண்டியின் ஸ்டீரிங் தந்த நிறம். வளையத்தின் பின்பக்கம் தடவிய அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பால்பாண்டியைப் பார்த்தார். பால்பாண்டி தரையைப் பார்த்தார்.

பஞ்சாலைகளிலிருந்து வரும் கழிவு நூலைப் பட்டறைகளில் வேஸ்ட் என்பார்கள். சங்கையா அதில் ஒரு பிடி எடுத்து, பெட்ரோலில் நனைத்து, அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். கிரீஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துடைத்த நூலில் இருந்தது மஞ்சள்.

பிறகு ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிவிட்டார். சுற்றிச் சுற்றி நின்றதும் அடியில் வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுழற்றினார். கோடு அடியிலேயே வந்து நின்றது. மூன்றாவது தடவை அப்பாவும் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோடு அடியில்தான்.

"இந்தப் பக்கம் கனம் சார். அதான் கீழ இழுக்கு. ஓடுறப்ப ஆளத் தூக்கி ஆட்டுது." போல்ட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டார். ரிம்மின் உள்வளைவில், சாக்பீஸ் கோட்டுக்கு நேராக, தேங்காய்ச் சில் கணக்கில் ஒரு கட்டி. காய்ந்து கல்லாகிப் போன கண்மாய்ச் சகதி. அதில் ஒரு நத்தைக் கூடு கூட இருந்தது. வெளியே பளபளவென்று கழுவிய வண்டி. உட்பக்கத்தை யாரும் கழுவவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஒரே தட்டு. கட்டி பெயர்ந்து விழுந்தது. சக்கரத்தை மாட்டிச் சுழற்றினால் கோடு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நின்றது. சங்கையாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அம்புட்டுதான் சார். பார்ட்ஸ் ஒண்ணும் வேண்டாம்."

அப்பா சிரிக்கவில்லை. கட்டியைக் கையில் எடுத்தார். "சங்கையா, என் வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கினதில்லை. இது எந்த ஊர் மண்ணு?"

"கூமாப்பட்டிப் பக்கத்துக் கண்மாய் மாதிரித் தெரியுது சார்."

"யார் கொண்டுபோனா?"

"எங்க போச்சுன்னு வண்டி சொல்லும் சார். யாரு கொண்டுபோனான்னு சொல்லாது."

அப்பா பால்பாண்டியிடம் திரும்பினார். "நீ சொல்லு."

பால்பாண்டி, "தப்புதான் சார்" என்றார். இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு. பெரியவளை அந்த ஆண்டுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

"எங்களைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு சாவியைக் குடுத்துடு. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

சங்கையாவின் கையில் அந்த மஞ்சள் நூல் இன்னும் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்து, இன்னொருவருடைய சாட்சியத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

அப்பா காரில் ஏறப் போகையில், சங்கையா பால்பாண்டியின் காதருகே, "ஏலே, சொல்லித் தொலையேம்லே" என்றார்.

"சத்தியம் பண்ணிருக்கேன் அண்ணாச்சி."

சங்கையா செருப்பை மறுபடி கழற்றினார். "சார், சோதன ஓட்டம் பாக்காம நான் வண்டிய விடுறதில்ல. நானும் வாரேன்."

அறுபதில் ஸ்டீரிங் தண்ணீர்ப் பானை போல அசையாமல் இருந்தது. எழுபது, எண்பது, மறுபடி அறுபது. இந்தத் தடவை சங்கையா வாயை மூடச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

வீட்டில் அம்மா காபி கொண்டுவந்தாள். அம்மாவின் பெயர் ஜயலக்ஷ்மி. அப்போது வயது நாற்பத்தைந்து. ஐந்தடிக்கும் குறைவு. வெள்ளிக்கிழமையானதால் கை, கழுத்தெல்லாம் மஞ்சள். சங்கையா காபியைக் குடித்து முடித்தார். பால்பாண்டி ஒப்படைத்த சாவி அப்பாவின் மேஜையில் இருந்தது. சங்கையா அதை எடுத்து அம்மா வைத்திருந்த தட்டில், காலி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஸ்டீரிங் இப்ப ஆடல அம்மா. சக்கரத்துல கண்மாய்ச் சகதி ஒட்டியிருந்துச்சு. பால்பாண்டிதான் நாளையிலேருந்து வரமாட்டான்."

அம்மா தட்டிலிருந்த சாவியைப் பார்த்தாள். வாசலில் தலைகுனிந்து நின்ற பால்பாண்டியைப் பார்த்தாள். தட்டை டம்ளரோடு என் கையில் கொடுத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். 'டக், டக்' என்று சீட்டை இரண்டு படி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. வண்டி ஒரு குதி குதித்துப் புறப்பட்டது. தெருமுனை திரும்பி மறைந்தது. மணி அடித்துக்கொண்டு போன ஐஸ் வண்டிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

தெருக்களைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து, எங்கள் வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். ஒன்றரை மாதமாக, அப்பா கோர்ட்டில் இருந்த பகல்களில், அவள் கண்மாய்க் கரையில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். அப்பா தெருவில் இறங்கி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "ரிவர்ஸ் வருமோ?" என்றார்.

"அது இன்னும் பால்பாண்டி சொல்லிக் குடுக்கலை" என்றாள் அம்மா. "நாளைக்கு அவன் வந்தாத்தான் உண்டு."

முதலில் சிரித்தது சங்கையா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்துவிட்டார். பால்பாண்டி மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று சங்கையாவுக்கு நூறு கிராமுக்குப் பதில் அரைக் கிலோ பால்கோவா. அதை வாங்கிவர அம்மாதான் காரை எடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. சாவிய வச்சேன், அம்புட்டுதான்" என்று இந்தக் கதை வரும்போதெல்லாம் சங்கையா கையை விரிப்பார்.

ஒன்பது வருஷமாக அதே பியட்டை அம்மா ஓட்டுகிறாள். ரிவர்ஸ் இன்றும் சுமார்தான். தந்த நிற ஸ்டீரிங் வெடித்துக் கீறல் விட்டுப்போனதால், கூடை பின்னும் ஒயரை அதில் சுற்றித் தரும்படி சங்கையாவிடம் கேட்டிருந்தாள். நிறம் பச்சை என்று அவளே சொன்னாள். நேற்று திங்கட்கிழமை, பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இங்கே வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒயரை ஒவ்வொரு சுற்றாக இழுத்து இறுக்கினார். "அந்த மஞ்ச இன்னும் போகலம்மா. பெட்ரோலுக்கும் அடங்காத மஞ்ச. இத வச்சு மூடிருவோம்" என்று கேலி செய்தார். பாதியில் ஒயர் தீர்ந்துவிட்டது. "நாளக்கழிச்சு வாரேன்" என்று பஸ் ஏறிப் போனார்.

நாளைக் காலை ராஜபாளையத்துக்கு வண்டியை அம்மாதான் எடுக்கிறாள். பச்சை ஒயர் ஸ்டீரிங்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது. மஞ்சள் கறைக்கு இரண்டு விரல் முன்னால் அதன் நுனியை உள்ளே செருகி வைத்திருக்கிறார். மீதி சுற்றவில்லை.